சத்ரியும் குடையும்

சுலைஹாவை நான் முதலில் பார்த்தது தேஹு ரோடு ஸ்டேஷனில், பூனா போகும் காலை பாசஞ்சருக்காக நின்றபோது. என்னை வழியனுப்ப வந்த அப்பாவிடம் நான் தமிழில் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. அப்பா நகர்ந்ததும் பக்கத்தில் வந்து, என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைத் தலையைச் சாய்த்துப் படித்தாள்.

"இது மனசப் பத்தின படிப்பா?"

ஆமாம் என்றேன்.

"அதுல திக்குவாயப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?"

பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குள் இரண்டு கேள்விகள். இன்னும் அந்த அத்தியாயம் வரவில்லை என்று மழுப்பினேன். உண்மையில் அப்படி ஓர் அத்தியாயம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது.

இது அறுபத்திரண்டாம் வருஷம், மழை தொடங்கும் சமயம். நான் பி.ஏ. வகுப்பில் சைகாலஜி படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா ஜம்புநாதன் ராணுவ டெப்போவில் ஸ்டோர்மேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பொருளாதாரத்தில் இடம் தீர்ந்துபோய், சைகாலஜியில் இருந்தது, சேர்ந்துவிட்டேன். ஏன் அந்தப் பாடம் என்று யாராவது கேட்டால், நல்ல பாடம் என்பேன். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சுலைஹாவின் வாப்பா ஷாகுல் ஹமீது, தேஹு ரோடு பஜாரில் குடை, மழைக்கோட்டு, தார்ப்பாய் விற்கும் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் மேலப்பாளையம். மூத்த மகன் கவுஸ் சின்ன வயதிலேயே கடைக்கு வந்துவிட்டான். மனைவியும் மகளும் அந்தக் கோடையில்தான் வந்து சேர்ந்தார்கள். சுலைஹா திருநெல்வேலியில் பி.யு.சி. முடித்து, பி.ஏ. சரித்திரத்தில் ஒரு வருஷமும் படித்திருந்தாள். அதை இங்கே தொடர வேண்டும். ஆனால் சரித்திரம் வேண்டாம், சைகாலஜிதான் வேண்டும் என்றாள்.

கல்லூரி அலுவலகத்துக்கு நான்தான் அவளைக் கூட்டிப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து மாற்றுச் சான்றிதழ் வர வேண்டும். தர்க்கம் படிக்காமல் சைகாலஜிக்குள் வர முடியாது, ஆகவே படித்த வருஷம் கணக்கில் வராது, மறுபடி படிக்க வேண்டும். தமிழ் இங்கே பாடமாக இல்லை, வேறு மொழி எடுக்க வேண்டும். தகப்பனார் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமையோடு சேர்க்கை முடிகிறது.

நானாக இருந்தால் இரண்டாவது விரலிலேயே அழுதிருப்பேன். சுலைஹா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படியாகத் திட்டம் போட்டாள்.

"சான்றிதழுக்கு ஊர்ல மாமாவுக்குத் தந்தி குடுக்கணும். ஒரு வருஷம் போனா போகுது. மொழிக்குப் பாரசீகம் எடுத்துக்கிடுதேன், மதரஸால ஓதினதுல எழுத்து தெரியும். மிச்சத்தப் படிச்சுக்கிடலாம்."

"பாரசீகமா? பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு. அதனால என்ன?"

எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்தாள், வாப்பாவைத் தவிர.

ரயிலில் திரும்பும்போது காரணம் சொன்னாள். ஊரிலிருந்து வந்த முதல் வாரம், மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். தூரத்திலிருந்தே கவுஸின் குரல் கேட்டிருக்கிறது. வேறு யாரோ என்று நினைத்தாளாம். ஏனென்றால் அவள் அறிந்த காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, ஒரு முழு வாக்கியம் வராது. 'உம்மா' என்று கூப்பிடவே உதடு நடுங்கும். அந்தக் காக்கா மராத்தியில் தங்கு தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும், "சு... சு..." என்று நின்றுவிட்டான்.

"நாக்கு ஒண்ணுதான சரசா? அது எப்படி ஒரு பாஷையில ஓடுது, ஒண்ணுல கட்டிப்போட்டாப்ல நிக்குது?"

லோனாவ்ளா பக்கத்து மலைகள் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"வாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வாப்பா காலையில சரக்கு எடுக்க பூனா ரவிவார் பேட்டைக்குப் போயிருவாவ. அவங்க கடையில இருந்தா காக்கா வாயே திறக்க மாட்டான். வீட்டுக்குள்ள இந்தி, மராத்தி பேசக் கூடாதுன்னு வாப்பா சட்டம் வேற. வாசப்படி தாண்டினா தமிழுதான்."

வாப்பாவிடம் நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அவள் எண்ணம். அதற்குள் பக்கத்துக் கடை ஷிண்டே முந்திக்கொண்டார். அவர் மகனும் அதே கல்லூரி. சந்தோஷமாக, "உங்கள் பெண் மானஸ் சாஸ்த்ர படிக்கப் போகிறாளாமே" என்று மராத்தியில் சொல்லியிருக்கிறார். மராத்தியில் சைகாலஜிக்கு அதுதான் பெயர். ஷாகுல் ஹமீதுக்குத் தெரிந்த மராத்தி, விலையும் அளவும் மட்டும். அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: சாஸ்திரம். அவர் ஊரில் சாஸ்திரம் பார்ப்பது என்றால் கைரேகை பார்ப்பது, கிளி சீட்டு எடுப்பது.

அன்று சாயங்காலம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். போனபோது அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். சுலைஹா சுவரோரம் நின்றிருந்தாள். கவுஸ் வாசலில், செருப்பைப் பார்த்தபடி.

"வாம்மா சரசா. நீ சொல்லு. குறி சொல்லுததுக்கெல்லாம் காலேஜி வச்சிருக்கானாமே. எங்க மார்க்கத்துல அது ஹராம்னு இவளுக்குத் தெரியாதா?"

"ஐயோ, அது அந்த சாஸ்திரம் இல்ல மாமா. இது மனசைப் பத்தின படிப்பு."

"மனசயா? அப்பம் எம் மனசுல இப்பம் என்ன ஓடுதுன்னு சொல்லு."

"அதெல்லாம் சொல்ல முடியாது மாமா."

"அது முடியாதுன்னா பொறவு என்னத்தத்தான் படிச்சே?"

உள்ளே இருந்து அவர் மனைவி ரஹ்மத் பீவி சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நினைவு, கவனம், பழக்கம் என்று பரீட்சைக்கு எழுதிய வரையறைகள் எல்லாம் இங்கிலீஷில் வரிசையாக வந்து நின்றன. அதில் ஒன்றையாவது அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த மனிதருக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை.

சுலைஹா அப்போதுதான் பேசினாள்.

"வாப்பா, ஒண்ணு கேக்கேன். காக்கா வீட்டுல திக்குதான். கடையில ஏன் திக்க மாட்டேங்கான்?"

"கடையிலயும் திக்கத்தான் செய்யுதான்."

"நீங்க இருந்தா."

கவுஸ் எழுந்து வெளியே போய்விட்டான். ஷாகுல் ஹமீது மகளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"நாளைக்கு ரவிவார் பேட்டைக்குப் போற மாதிரி கிளம்புங்க வாப்பா. போகாதீங்க. பக்கத்து டீக்கடையில வந்து உக்காருங்க. அதுக்குப் பொறவும் வேண்டாம்னு சொன்னா நான் படிக்கல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாள் சனிக்கிழமை. நடுவில் ஞாயிறு ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரு காலை நேரத்தின் மேல் வைத்துவிட்டாள்.

டீக்கடைக்கும் குடைக்கடைக்கும் நடுவே மழைச்சாரலுக்காகச் சாக்குப் படுதா தொங்கவிட்டிருந்தார்கள். அதன் இந்தப் பக்கம் பெஞ்சில் ஷாகுல் ஹமீது மாமா, சுலைஹா, நான். மழை தகரத்தில் அடித்து ஊற்றியது. அந்த இரைச்சலையும் மீறிக் கவுஸின் குரல் வந்தது. ஒரு மராத்தி அம்மாள் குடையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து விலை அதிகம் என்கிறாள். கவுஸ் விடவில்லை. இந்தச் சத்ரியை விரித்தால் கம்பி வளையாது, துணி வெளுக்காது, உங்கள் வீட்டுக்காரர் மாதிரி மழை நாளில் எங்கேயாவது போய் உட்கார்ந்துகொள்ளாது என்கிறான். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, துடுக்குப் பையன் என்று திட்டி, வாங்கிக்கொண்டு போனாள். அத்தனையிலும் ஓரிடத்தில்கூட அவன் குரல் தடுக்கவில்லை.

மாமா கையில் டீ அப்படியே இருந்தது.

அடுத்து நடந்ததை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. டெப்போவில் வேலை பார்க்கும் நாகர்கோவில் ஜான், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னடே கவுஸ், நல்லதா ஒரு குடை எடு."

சாக்கின் கிழிசல் வழியாக எனக்குத் தெரிந்தது. கவுஸ் அந்த அம்மாளுக்குக் காட்டிய அதே ரகத்தில் இன்னொன்றை எடுத்தான். "கு..." என்றான். கழுத்து நரம்பு புடைத்தது. "கு... கு..." கண்ணை மூடிக்கொண்டான். ஜான் பொறுமையாக நின்றார். கடைசியில் கவுஸ் ஒன்றும் சொல்லாமல் குடையை நீட்டினான்.

அதே கை, அதே குடை. மராத்தியில் சத்ரி என்றால் பறக்கிறது. தமிழில் குடை என்றால் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. மனிதனுக்குள் இப்படியொரு கதவு இருக்கிறது, அது ஒரு சொல்லுக்குத் திறந்து இன்னொரு சொல்லுக்கு மூடிக்கொள்கிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு வருஷமாக நான் சுமந்து திரிந்த புத்தகம் இதைப் பற்றியதுதானா? அப்படியானால் அதில் நான் என்னத்தைத்தான் படித்தேன்?

மாமா எழுந்து, கடைப்பக்கம் போகாமல், மழையிலேயே வீட்டுக்கு நடந்தார். குடைக் கடைக்காரர் குடையில்லாமல் போகிறார் என்று ஷிண்டே கூப்பிட்டுச் சிரித்தார். அவர் திரும்பவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம்.

வீட்டில் ரஹ்மத் பீவி கொடுத்த துண்டால் தலையைத் துவட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்பத்துல இருந்து?"

"தெரியாது வாப்பா."

"என்னாலயா?"

"அதுவும் தெரியாது. அதத்தான் படிக்கப் போறேன்."

"படிச்சா அவனுக்குச் சரியாயிருமா?"

இந்த இடத்தில் நானாக இருந்தால், ஆகும் என்றிருப்பேன். அந்த ஒரு சொல் போதும், அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். சுலைஹாவுக்கும் அது தெரியும். அவள் உதடு ஒரு தடவை அசைந்ததைப் பார்த்தேன்.

"அது எனக்குத் தெரியாது வாப்பா. சரியாகாமலும் போகலாம்."

நான் சுலைஹாவைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பதிலுக்காகத்தான். பட்டம் வாங்கி வந்த பிறகும், தெரியாது என்பதை இவ்வளவு நேராக என்னால் யாரிடமும் சொல்ல முடிவதில்லை.

மாமா மடியிலிருந்த துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். பிறகு, "அந்த மராட்டிப் பேரு என்ன? சாஸ்திரம்னு முடியுமே" என்றார்.

"மானஸ் சாஸ்த்ர."

"அந்தப் பேர ஊருக்குக் கடிதாசில எழுதாதே. மனசுப் படிப்புன்னு எழுது."

திங்கட்கிழமை அவரும் கவுஸும் சுலைஹாவும் என்னோடு பாசஞ்சரில் வந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. அது வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று குமாஸ்தாவிடம் மராத்தியில் பேசியது கவுஸ். வாப்பா பக்கத்தில் நின்றதால் முதல் இரண்டு வார்த்தைகளுக்குக் குரல் எழும்பவில்லை. மாமா அதைக் கவனித்தார். சன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கவுஸ் பேசினான். குமாஸ்தா மாத முடிவு வரை தவணை கொடுத்தார். மாமாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்.

வெளியே வந்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. கல்லூரி வாசலில் டீ விற்பவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மாமா மகன் பக்கம் திரும்பினார். வீட்டு வாசற்படிக்குள் வேற்று பாஷை கூடாது என்று சட்டம் போட்டவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு இந்தியில் ஆரம்பித்தார்.

"கவுஸ்... தும்... சாய்..." அடுத்த சொல் அவருக்கு அகப்படவில்லை. கையைக் காற்றில் ஆட்டினார். "சாய்... பியேகா?"

கவுஸ் இந்தியிலேயே, பீயூங்கா, குடிக்கிறேன் வாப்பா, நீங்களும் குடியுங்கள், நனைந்திருக்கிறீர்கள் என்று கடகடவென்று சொல்லி, டீக்காரரிடம் போனான். மாமா அவன் பின்னாலேயே, அடுத்த வாக்கியத்துக்குச் சொல் தேடிக்கொண்டு போனார்.

சுலைஹா என் தோளைத் தொட்டாள்.

"பாத்தியா சரசா," என்றாள் மெதுவாக. "இப்பம் வாப்பா திக்குதாவ."