மூலை உடைந்த கண்ணாடித் துண்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசராக இருந்தவர் மெலிந்த மனிதர். கேமரன் மலைக் குளிரிலும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பார். மைக்ரோஸ்கோப்பில் எதையாவது பார்க்க வைக்காமல் யாருக்கும் மருந்து தரமாட்டார்.

கொழுந்து பறிக்கும் பெண்களைக் கத்திக் கத்தியே வேலை வாங்கிய மண்டோர் நான். ரத்த அழுத்தம் ஏறி, அவரிடம் போய் நின்றேன். விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூலை உடைந்த ஒரு கண்ணாடித் துண்டோடு வந்து, அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

"உங்க ரத்தம்தான், பாருங்க மண்டோர். இந்த வெள்ளை அணுவெல்லாம் கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா மாதிரி. கிருமி வந்தா அடிக்கணும். சில பேருக்கு ஒண்ணுமே வராம முழிச்சிக்கும். ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டிக்கிட்டு அந்தச் சுவத்தையே கெடுக்கும். குழா இறுகி பிரஷர் ஏறுதுன்னு இப்ப சொல்றாங்க."

"அதுங்கள யாரு எழுப்பி விடுறது?"

"அதத்தான் தேடுறாங்க லா. நீங்க கத்துறத கொறச்சிப் பாருங்களேன்."

அந்தத் துண்டையே பெண்களுக்கும் காட்டியிருக்கிறார். மறுநாள் மலைச்சரிவில் நான் வாயைத் திறந்ததும் ஒருத்தி, "மெதுவா மண்டோர், உள்ள ஜாகா முழிச்சிக்கப் போறாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் குரல் இறங்கிவிட்டது. பிரஷரும் கொஞ்சம் இறங்கியது.

அவர் மாற்றலாகிப் போன பிறகு, புது டிரசரின் மேசையில் அந்த மூலை உடைந்த துண்டைப் பார்த்தேன். ஓரத்துச் சீட்டில் இருந்தது என் பெயரல்ல, மாற்றலாகிப் போனவருடைய பெயர். பக்கத்தில் அவருடைய பிரஷர், என்னுடையதைவிட அதிகம்.

அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.