மூன்றாம் சரணமும் சிவப்புப் பொட்டும்

என் மனைவி மறந்துபோன ஒரு சரணம் ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி ஒன்றில் இருந்தது. அதை வெளியே எடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மகள் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் மனைவி மோகனத்தில் ஒரு ஜதிஸ்வரம் அமைத்தாள். அதில் சாகித்யம் கிடையாது, ஸ்வரங்கள் மட்டும்தான். கணக்கு டீச்சராயிற்றே, தாளில் எழுதவில்லை. அப்போது வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் எண்ணாகத் தட்டி, அது போடும் பீப் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினாள். இப்போது ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டு ஹாலில் பாட்டு வகுப்பு நடத்துகிறாள். காலனி நவராத்திரி விழாவில் பிள்ளைகள் அந்த ஜதிஸ்வரத்தைப் பாடுவார்கள் என்று அவளே வாக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு சரணங்கள் நினைவில் இருந்தன. உச்சத்துக்கு ஏறும் மூன்றாவது சுத்தமாக மறந்துவிட்டது. புதிதாக ஒன்று போட்டுப் பார்த்து, "பட்டுப் புடவையில டெரிகாட் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு" என்று விட்டுவிட்டாள்.

மாதாப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்தார். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். மேஜைமேல் நான் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தார்.

"கைக்கு மாமா இவ்ளோ கஷ்டம்? நக்கோ. ஏஐகிட்ட கேட்டா மோகனத்துல நூறு சரணம் போட்டுக் குடுக்கும்."

"நூறு வேண்டாம் மாப்பிள்ளை," என்றாள் மனைவி. "ஒண்ணு போதும். என்னோடது."

அதற்குப் பிறகு நான் தோற்க முடியாது.

பொதுத்துறை மின்னணு ஆலை ஒன்றில் தர ஆய்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேஜைமேல் இருந்த ஃப்ளாப்பி டிரைவ் அந்த ஆலை கழித்துக்கட்டிய சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கியது. இன்றைய கம்ப்யூட்டரில் அதைச் செருக இடமே கிடையாது. அதனால் இடையில் ஒரு சின்ன சர்க்யூட் பலகை வேண்டும். டிரைவின் பட்டைக் கேபிளை ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு, மறுபக்கம் யுஎஸ்பி வழியாக மடிக்கணினியிடம் பேசும் பலகை அது. இந்த டிரைவுக்கு வேண்டிய பன்னிரண்டு வோல்ட்டை யுஎஸ்பி தராது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் பவர் சப்ளையை எடுத்து, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் காகிதக் கிளிப்பால் இணைத்து உயிர் கொடுத்தேன். டிரைவின் தலையை ஆல்கஹாலால் துடைத்தேன். எல்லாம் முறைப்படி.

ஃப்ளாப்பியைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் சுற்றியது. முகப்பு விளக்கு எரியவில்லை. திரையில் ஒன்றும் வரவில்லை.

கேபிளை மாற்றினேன். பலகையை மாற்றினேன். மாப்பிள்ளையின் மடிக்கணினியைச் சந்தேகித்து, அதையும் மாற்றினேன்.

"டிரைவ் போயிடுச்சு மாமா," என்றார் மாப்பிள்ளை, துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில்.

"போன டிரைவ் சுத்தாது," என்றேன்.

மனைவி மேஜை ஓரத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணம் முடியும் இடத்தில் விரல் நின்றது.

டிரைவைத் திருப்பி உள்ளே பார்த்தேன். ஒரே கேபிளில் பல டிரைவுகளை மாட்டலாம். யாருக்கு எந்த எண் என்பதை ஜம்பர் என்ற சிறிய செருகி சொல்லும். எங்கள் ஆலையின் சோதனைக் கருவிகளில் நேரான கேபிள்தான், அதனால் ஜம்பர் எப்போதும் முதல் எண்ணில் இருக்கும். நான் இப்போது மாட்டியிருந்ததோ வீட்டுக் கம்ப்யூட்டர் கேபிள். அதில் சில கம்பிகள் முறுக்கி இடம் மாறியிருக்கும், டிரைவ் இரண்டாம் எண்ணில் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. வகுப்பே எடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஜம்பரை மட்டும் நான் பார்க்கவே இல்லை. அதன்மேல் சிவப்பு அரக்குப் பொட்டு இருந்தது. ஆய்வு முடிந்தது, இனி எவரும் தொடக்கூடாது என்பதற்கு நாங்கள் வைக்கும் முத்திரை. முத்திரை இருக்கும் இடத்தைச் சந்தேகிக்கும் பழக்கம் எங்கள் ஆலையில் எவருக்கும் கிடையாது. பொட்டின் ஓரத்தில் கீறியிருந்த குறி என்னுடையது.

முத்திரையை உடைக்க வேண்டுமானால் தர அதிகாரியின் எழுத்துமூல அனுமதி தேவை. தர அதிகாரி நான்தான். வாய்மொழியாகக் கொடுத்துக்கொண்டேன். பிளேடால் சுரண்டி ஜம்பரை அடுத்த எண்ணுக்கு மாற்றினேன்.

விளக்கு எரிந்தது. தலை டக்டக்கென்று நகரும் சத்தம், இந்த வயதிலும் எனக்குப் புல்லரிக்கும் சத்தம், ஹாலை நிறைத்தது. திரையில் ஃப்ளாப்பியின் பகுதிகளைக் காட்டும் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பிறகு வரிசையாகச் சில சிவப்பு, படிக்க முடியாதவை.

"அதுலதான் அத்தையோட சரணம் இருக்கும்," என்றார் மாப்பிள்ளை.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்," என்றாள் மனைவி.

ஃப்ளாப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் பூஞ்சை. உறையின் திறப்பு வழியாகத் தட்டை மெல்லச் சுழற்றி, ஆல்கஹால் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தேன். காய விட்டேன், தலையையும் மறுபடி துடைத்தேன். மறுபடி படிக்கவைத்தேன். இம்முறை கடைசிக் கட்டம்வரை பச்சை.

பழைய கம்ப்யூட்டர்போல நடிக்கும் மென்பொருளில் அதிலிருந்த மனைவியின் நிரலை ஓடவிட்டேன். மடிக்கணினி பீப் பீப்பென்று மோகனம் பாடியது. கமகம் இல்லை, மூச்சு வாங்கவில்லை, தாளம் தப்பவில்லை. முதல் சரணம். இரண்டாவது. மனைவியின் விரல் நிற்கும் இடம் வந்தது, விரல் நிற்கவில்லை. மூன்றாவது சரணத்தின் இரண்டாம் வரியிலேயே அவள் கம்ப்யூட்டரை முந்திக்கொண்டு பாட ஆரம்பித்தாள். மேல் ஷட்ஜத்தில் நின்று, அது வந்து சேரக் காத்திருந்தாள்.

"கடைசி அடியில தைவதத்தைத் தப்பா அடிச்சிருக்கேன்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "திருத்திக்கறேன்."

"ஹவ் மாமா," என்றார் மாப்பிள்ளை. "ஒத்துக்கறேன்."

அவர் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இருந்தாலும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மனைவி மூன்றாவது சரணத்தை மறுபடி எடுத்தாள். நான் மகளின் சிவப்பு நகச்சாயத்தைத் தேடி எடுத்து, ஜம்பரின் புதிய இடத்தில் ஒரு பொட்டு வைத்து, ஓரத்தில் என் குறியைக் கீறினேன்.