ஸ்பிரிங்குக்கு நேரே

இதில் ஒரு வார்த்தைகூட ஜோடித்தது இல்லை. இதைச் சொன்னவள் கதை கட்டுகிற ஆளும் இல்லை. வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். எலும்பும் தசையும்தான் அவள் உலகம். யாராவது பேய் என்று பேச்செடுத்தால், டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவள் இதைப் போலீசில் எழுதிக் கொடுத்தாள், அதுவும் கூடப்பிறந்த அண்ணனுக்கு எதிராக. சொந்தபந்தம் முழுக்கப் பேச்சை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகும் அவள் ஒரு வரியை மாற்றவில்லை.

நடந்தது ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அவளுடைய காரில் முன்பக்கம் கொஞ்ச நாளாகவே சத்தம். பள்ளத்தில் இறங்கினால் டொக்கென்று அடிக்கும். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அவளே கண்டுபிடித்தாள். ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் அவளே செய்வாள். வாகனத்தை நம்பிப் பிழைப்பவளுக்கு அதன் கை காலும் தெரிந்திருக்க வேண்டும் என்பாள்.

ஷாக்கைச் சுற்றிப் பெரிய ஸ்பிரிங் ஒன்று இருக்கும். அதை அமுக்கிப் பிடித்தால்தான் உள்ளே இருக்கும் ஷாக்கை உருவ முடியும். அமுக்கிப் பிடிப்பதற்கென்றே ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்று ஒரு கருவி. நீளமான இரண்டு போல்ட்டுகள், ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாறி மாறித் திருக வேண்டும். ஒரு பக்கத்தையே திருகிக்கொண்டு போனால் ஸ்பிரிங் வளைந்துவிடும். வளைந்தால் கொக்கி நழுவும். காரையே தாங்குகிற ஸ்பிரிங் அது. நழுவினால் குண்டு மாதிரிதான்.

அதனால் அதை வாங்கப் போன கடையில் அவள் அவசரப்படவில்லை. ஸ்பிரிங் கம்பியின் தடிமனுக்குக் கொக்கி பொருந்துமா என்று பார்த்தாள். மரை தேயாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். கொக்கி நழுவாதபடி குறுக்கே பூட்டுகிற பின் உள்ளதாகக் கேட்டு வாங்கினாள்.

அன்று வீட்டுக்காரர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். துணைக்கு அண்ணன் வந்தார். அப்பா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர். வேறு ஊரில் பெரிய ஒர்க் ஷாப் வைத்திருந்தவர், போன வருடம் அதைத் திடீரென்று மூடிவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். ஏன் மூடினாய் என்று கேட்டால், போதும்மா, முதுகு வலிக்குது என்பார்.

வரும்போது ஒரு சாக்குப்பை கொண்டுவந்தார். உள்ளே அவருடைய பழைய கம்ப்ரஸர். அவள் எடுத்துப் பார்த்தாள். கொக்கிகளில் பின் போடுவதற்கான துளைகள் மட்டும் இருந்தன. பின் இல்லை.

"பின் எங்கண்ணா?"

"அதெல்லாம் எதுக்கு? அதை மாட்டிக் கழட்டற நேரத்துல இன்னொரு வண்டியை முடிச்சிடலாம்."

"எனக்கு ஒரு வண்டிதான் இருக்கு. நான் புதுசுலயே பண்றேன்."

அண்ணன் சிரித்தார். பழையதைச் சாக்குக்குள் போட்டு மூலையில் வைத்துவிட்டு, கார் நிற்கிற ஷெட்டில், வேலை மேஜையைத் தாண்டி, உள்கோடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வேலை நன்றாகவே போனது. சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கை ஸ்பிரிங்கோடு இறக்கினாள். புது கம்ப்ரஸரை மாட்டினாள். பின்களைப் பூட்டினாள். பக்கத்துக்கு அரைச் சுற்றாக, நிதானமாகத் திருகினாள்.

அப்போதுதான் முதலில் அது கேட்டது.

"இந்தப் பக்கம் ஒன்னு..."

மெல்லிய ஆண் குரல். அவள் அடுத்த பக்கம் திருகினாள்.

"அந்தப் பக்கம் ஒன்னு..."

அண்ணன்தான் விளையாடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. அண்ணன் வெளியே கேட்டருகே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

காதில் ஏதோ பிரமை என்று நினைத்துக்கொண்டாள். மேல் நட்டைக் கழற்றி, பழைய ஷாக்கை உருவினாள். இப்போது ஸ்பிரிங் தனி. அமுங்கிய நிலையில், அந்த இரண்டு போல்ட்டுகளை மட்டும் நம்பி. இந்த வேலையிலேயே மோசமான கட்டம் இதுதான். அதன் முனைக்கு நேராக யாரும் இருக்கக்கூடாது. ஸ்பிரிங்கைப் பத்திரமாகத் தூக்கி, முனை சுவரைப் பார்க்கும்படி தரையில் வைத்து, மேலே பழைய கம்பளியைப் போர்த்தினாள். புது ஷாக்கை எடுக்க வீட்டுக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஸ்பிரிங் மேஜைமேல் இருந்தது. ஒரு முனை மேஜையில் பொருத்தியிருந்த இரும்புப் பிடியான வைஸில் முட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை ஷெட்டின் உள்கோடியைப் பார்த்தது. அண்ணன் திரும்பி வந்து அங்கேதான் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

ஸ்பிரிங்கில் மாட்டியிருந்தது அவளுடைய கம்ப்ரஸர் இல்லை. அண்ணனுடையது. பின் இல்லாதது. புதியது தரையில், துடைத்து, அருகருகே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

அமுங்கிய ஸ்பிரிங்கில் கருவியை மாற்ற முடியாது. முழுக்கத் தளர்த்தி, மறுபடி முதலிலிருந்து அமுக்க வேண்டும். அவள் உள்ளே போய் வந்தது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுக்கிற நேரம்தான்.

"அண்ணா, இதை ஏன் மாத்தினே?"

அண்ணன் கண்ணைத் திறந்தார். "எதை?"

"எழுந்திரு. அதுக்கு நேரா உக்காந்திருக்கே. மெதுவா இந்தப் பக்கம் வா."

அண்ணன் எழுந்து வலப்பக்கம் ஓர் அடி வைத்தார்.

கர்ர்ர்...

மேஜைப் பலகையை உரசிக்கொண்டு ஸ்பிரிங் திரும்பியது. வலப்பக்கம். அவரைப் பார்த்து.

அண்ணன் நின்றுவிட்டார். மெல்ல இடப்பக்கம் நகர்ந்தார்.

கர்ர்ர்...

அதுவும் இடப்பக்கம் வந்தது.

ஷெட்டுக்கு ஒரே வாசல். அதற்குப் போக மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் வாசல் பக்கம். அண்ணன் உள்ளே.

டிக்.

போல்ட்டின் தலை கொஞ்சம் திரும்பியது. தளரும் பக்கமாக.

"இந்தப் பக்கம் ஒன்னு..."

டிக்.

"அந்தப் பக்கம் ஒன்னு..."

இந்த முறை அண்ணனுக்கும் கேட்டது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "கட்டை..." என்றார். "டேய் கட்டை..."

"யாருண்ணா?"

"என்கிட்ட வேலை பார்த்தவன். ஆள் குள்ளம், அதனால கட்டைன்னுதான் கூப்பிடுவோம். திருகும்போது இப்படித்தான் சொல்லிக்கிட்டே திருகுவான்." நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். "ஸ்பிரிங் அடிச்சிடுச்சு. ரெண்டு நாள் தாங்காதுன்னு டாக்டர் சொன்னார். நான் கடையைப் பூட்டிட்டு வந்துட்டேன்."

"எப்படி அடிச்சது?"

"அவன்தான் தப்பா மாட்டினான்."

டிக் டிக் டிக்.

அவள் ஸ்பேனரை எடுத்தாள். பக்கவாட்டில் நின்றபடி போல்ட் தலையில் மாட்டி, இறுக்கும் பக்கமாகப் பலம் கொடுத்தாள்.

மறுபக்கத்திலிருந்து ஒரு கை பிடித்தது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் தினம் நோயாளிகளின் கையைப் பிடித்துப் பார்த்துப் பழகியவள் அவள். அது ஆணின் கை. வலது கை. உழைத்துக் காய்த்த உள்ளங்கை. அவளை அது தள்ளவில்லை. ஸ்பேனரை அவள் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து, மேஜைமேல் வைத்தது. பிறகு அவள் தோளைத் தொட்டு, ஓரடி பின்னால் நகர்த்தியது.

உனக்கில்லை என்று சொல்வது போல.

"அண்ணா, உண்மையைச் சொல்லிடு. பின் இருந்துச்சா?"

அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றார். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது.

டிக்.

"இருந்துச்சு..."

டிக்.

"நான்தான் பிடுங்கிப் போட்டேன். நேரமாகுதுன்னு. அவன் பின் வேணும்னு கேட்டான்... கேட்டுக்கிட்டே இருந்தான். நான் திட்டினேன். போலீஸ்ல அவன் தப்புன்னு சொன்னேன். போதுமாடா?"

சத்தம் நின்றது.

ஷெட்டில் மூச்சுச் சத்தம் மட்டும்.

அண்ணனுடையது.

அவளுடையது.

இன்னொன்று.

அண்ணன் நீளமாக மூச்சை விட்டார். கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓர் அடி முன்னால் வைத்தார்.

டிக்.

அவள் பார்த்தது அவ்வளவுதான். சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. கண் திறந்தபோது மேஜை காலி. அண்ணன் தரையில் கிடந்தார். மூக்குக்குக் கீழே முகம் இல்லை.

உயிர் போகவில்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். நாக்கில் பாதியை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பேச்சு வராது என்றார் டாக்டர்.

அவள் ஒரு வாரம் தூங்கவில்லை. அண்ணன் கடைசியாகப் பேசிய வார்த்தைகளைக் கேட்டது அவள் ஒருத்திதான். செத்துப்போனவனுடைய வீட்டிலாவது அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அண்ணனின் ஒர்க் ஷாப்பில் பெயிண்ட் அடித்தவரைத் தேடிப் பிடித்து, விலாசம் கேட்டு, பஸ் ஏறிப் போனாள். கார் இன்னும் ஒரு சக்கரமில்லாமல் ஷெட்டில் நின்றது.

மூன்றாவது மாடி. சின்ன வீடு. கதவைத் திறந்த பெண் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் இவளுக்குத் தைரியம் போய்விட்டது.

"பிசியோதெரபிஸ்ட்டுங்க..." என்று மட்டும் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில அனுப்பினாங்களா? உள்ளே வாங்க. அவர் உள்ளதான் படுத்திருக்கார்."

அவளுக்குப் புரியவில்லை. "யாரு?"

"என் வீட்டுக்காரர். ஸ்பிரிங் அடிச்சதிலிருந்து இப்படித்தான். பேச்சும் இல்லை, கை அசைவும் இல்லை. ஒரு வருஷமாச்சு."

கட்டிலில் குள்ளமான மனிதர் ஒருவர் படுத்திருந்தார். தாடை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கண் கூரையைப் பார்த்தது. மார்பு ஏறி இறங்கியது.

அவள் தானாகவே அவர் வலது கையை எடுத்தாள். தொழில் பழக்கம். விரல்கள் துணி மாதிரி கிடந்தன. மணிக்கட்டில் உணர்வே இல்லை. தசை வற்றியிருந்தது. ஒரு சோற்றுப் பருக்கையைக்கூட அந்தக் கையால் எடுக்க முடியாது.

ஆனால் நகக்கண்களில் கிரீஸ் இருந்தது. கறுப்பாக, ஈரமாக.

"அது என்னன்னே தெரியலைங்க," என்றாள் மனைவி. "போன ஞாயித்துக்கிழமை மதியம் நான் சமையல்கட்டுல இருந்தேன். வந்து பார்த்தா கையெல்லாம் இப்படி. தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன், போகலை. அன்னிக்குத்தான் ஒரு வருஷத்துல முதல் தடவையா அவர் முகத்துல சிரிப்பைப் பார்த்தேன்."

கட்டிலில் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. மனைவி குனிந்து, பழகிய மாதிரி காதை அவர் வாயருகே வைத்துக் கேட்டாள். நிமிர்ந்து இவளைப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் எந்த ஆஸ்பத்திரியில இருக்கார்னு கேக்கறாருங்க."

தான் யார் என்பதை அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.