இரண்டரை மணிக்கு வந்த பஸ் டிரைவர்

என் மனைவிக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பதை, திருமணமாகி இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகுதான் நான் அறிந்தேன். அதுவும் குசினிக்குள் நின்று கேட்டு அறிந்தேன். அவளைச் சிரிக்க வைத்தது வேறொருவன்.

லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்கு ஒரு சிறிய உணவகம் இருக்கிறது. எட்டு மேசைகள், கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸும் வடையும், பின்னால் குசினி. சமையல் என்னுடையது. முன்பக்கம் முழுவதும் அவளுடையது. ஓடர் எடுப்பது, தொலைபேசி, கவுன்சிலிலிருந்து வரும் கடிதங்கள், கோபத்தோடு வருகிறவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாமே அவள்தான். குசினிக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே சாப்பாட்டைத் தள்ளிக் கொடுக்க ஒரு ஜன்னல் உண்டு. பத்தொன்பது வருடங்களாக நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அந்த ஜன்னல் வழியாகத்தான். "ரெண்டு கொத்து, ஒண்டு உறைப்புக் குறைய" என்பாள். நான் தலையாட்டுவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். அதில் ஏதோ குறைகிறது என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

அந்த பஸ் டிரைவர் வரத் தொடங்கியது ஒரு மாசி மாதத்தில். மன்னார்ப் பக்கத்துப் பெடியன். பெடியன் என்கிறேன், அவனுக்கும் நாற்பத்தைந்து இருக்கும். காலையில் ஒரு ஷிப்ட், மாலையில் ஒரு ஷிப்ட், இடையில் நான்கு மணித்தியாலம் சும்மா. இரண்டரைக்கு, மதியக் கூட்டம் கலைந்த பிறகு வருவான். இடியப்பம், சொதி, மீன்குழம்பு. கல்லாவுக்குப் பக்கத்து மேசையில்தான் இருப்பான். சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி ஒரு தேநீரை எடுத்துக்கொண்டு போய் அவனுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவாள். வேறு எந்த வாடிக்கையாளரோடும் அவள் அப்படி உட்கார்ந்து நான் கண்டதில்லை.

அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அவள் அவனைத் தம்பி என்றாள். அவனுக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்தச் சிரிப்பு கேட்கும்போது வெங்காயம் வெட்டுகிற கை தானாக நின்றுவிடும். காற்றை வெளியே தள்ளும் விசிறியின் இரைச்சலையும் தாண்டி அது கேட்கும். ஒரு நாள் விசிறியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துப் பார்த்தேன். அவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

இன்னொரு நாள் கை துடைக்கும் துணியோடு வெளியே வந்தேன். இருவரும் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். அவள் எழுந்து, துடைத்திருந்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"என்ன அப்பிடிச் சிரிப்பு?" என்றேன்.

"ஒண்டுமில்லை. சும்மா ஒரு கதை."

"சொல்லுமன், நானும் சிரிக்கிறன்."

"உங்களுக்கு விளங்காது," என்றாள்.

அந்த வார்த்தையை நான் வாரக்கணக்கில் மென்றுகொண்டிருந்தேன். எனக்கு விளங்காத கதை என்ன கதை? நான் செய்த காரியங்களைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று நாளுக்கொருமுறை சவரம் செய்தவன், தினமும் செய்யத் தொடங்கினேன். அவனுடைய குழம்புக்கு மட்டும் வால்பக்கத்து முள் துண்டுகளாகப் பார்த்துப் போட்டேன். ஒரு நாள் இரண்டு கரண்டி மிளகாய்த்தூளைக் கூடவே போட்டேன். அவன் கண்ணீரும் மூக்கும் வடிய முழுவதையும் சாப்பிட்டுவிட்டு ஜன்னலடிக்கு வந்து, "அண்ணை, இண்டைக்குக் குழம்பு சோக்கா இருந்தது" என்றான். நல்லவனாகவும் இருந்தான் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

கிட்டத்தட்ட ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு நான் மனைவியிடம், இனிமேல் இரண்டரையிலிருந்து ஐந்து வரைக்கும் பூட்டுவோம் என்றேன்.

"ஏன்?" என்றாள்.

"உமக்கும் ரெஸ்ட் வேணும்தானே. நாள் முழுக்கக் காலிலை நிக்கிறீர்."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஒரு தாளை எடுத்து, என்னைவிட அழகான தன் கையெழுத்தில், பூட்டும் நேரத்தை எழுதிக் கதவில் ஒட்டினாள்.

அன்றைக்கும் அவன் வந்தான். கதவடியில் நின்று அறிவித்தலைப் படித்தான். உள்ளே நான் நிற்பதைக் கண்டு கையை உயர்த்தினான். நான் குனிந்து எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தேன். நிமிர்ந்தபோது அவன் போய்விட்டான். அதன்பிறகு இரண்டொரு முறை மதியக் கூட்டத்துக்குள் வந்து பார்சல் எடுத்துப் போனான். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. அவனுக்கு வேறு இடத்துக்கு மாற்றமாகிவிட்டது என்றார்கள்.

பூட்டிய அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், நான் மாடியில் போய்ப் படுத்துத் தூங்கினேன். அவள் கீழேயே இருந்தாள்.

ஒரு வருடம் கழித்து அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அவள் வயிற்றுவலி என்று சொல்லத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதன்பிறகு எங்களுக்குக் கிடைத்தது ஏழு மாதம். லெஸ்டரில் மருந்தாளராக வேலை செய்யும் எங்கள் ஒரே மகள், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து வந்து போனாள். வாடிக்கையாளர்கள் பூங்கொத்துகளோடு வந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி எப்போதும் ஆட்கள். அவர்களோடு அவள் கதைப்பதைப் பார்த்துக்கொண்டு, நான் சுவரோரக் கதிரையில் இருப்பேன். அவர்கள் போனபின் களைத்துப்போய்க் கண்ணை மூடிவிடுவாள். மிஞ்சியது எனக்கு.

ஒரு நாள் பிற்பகல் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். அவள் திடீரென்று கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்த பஸ் தம்பி இப்ப எங்கை எண்டு தெரியுமோ?"

எனக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் ஒரு வாடிக்கையாளர், அவன் இப்போது ஹரோவில் இருக்கிறான், அந்தப் பக்கம்தான் பஸ் ஓடுகிறான், நம்பர் வேண்டுமென்றால் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். வேண்டாம் என்றிருந்தேன்.

"தெரியாது," என்றேன். "இந்த வேலையை விட்டுட்டு எங்கையோ போட்டான் போலை."

"ஓ," என்றாள். பிறகு அவள் அவனைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் இருபத்தாறு நாட்கள் இருந்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு அத்தனை நாட்கள் இருந்தன.

செத்தவீட்டுக்கு அவன் வந்தான். யார் சொன்னார்களோ தெரியாது, அந்த வாடிக்கையாளராகத்தான் இருக்கும். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். எனக்கு அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வந்திருக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் அவனைப் பார்த்தேன். என் மனைவிக்காக என்னைவிட நன்றாக அழத் தெரிந்தவன் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அப்படித்தான் நினைக்க முடிந்தது.

முப்பத்தோராம் நாள் முடிந்து மகள் தாயின் அலுமாரியை ஒதுக்கினாள். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சேலைகளுக்கு அடியில் ஒரு நீல உறை இருந்தது. அதற்குள் என் மனைவியின் படம் போட்ட பழகுநர் லைசென்ஸ். அதோடு, கார் ஓட்டுவதற்கான எழுத்துப் பரீட்சையில் அவள் சித்தியடைந்துவிட்டாள் என்ற கடிதம். அது இன்னும் மூன்று மாதத்துக்குச் செல்லுபடியாகும் என்றிருந்தது. திகதியைப் பார்த்தேன். நான் பிற்பகலில் கடையைப் பூட்டத் தொடங்கியதற்கு ஒரு மாதம் முந்தைய திகதி.

"இது என்ன?" என்றேன்.

மகள் கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு அம்மா சொல்லேல்லையா? எனக்குத் தெரியும் அப்பா. பேபி பிறக்கப் போகுது எண்டவுடனை லேர்ன் பண்ணத் தொடங்கினவா. தானே டிரைவ் பண்ணி லெஸ்டருக்கு வரவேணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவா. அந்த பஸ் அங்கிள்தான் கேள்வியெல்லாம் சொல்லிக் குடுத்தவர். பிறகு ஏன் விட்டவா எண்டு எனக்குத் தெரியேல்லை."

எனக்குத் தெரிந்தது. அவளுக்கு ஆங்கிலம் பேச வரும், வாசித்தால் பாதிதான் விளங்கும். அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் விளக்க ஒருவன் வேண்டியிருந்தது. ஏன் என்னிடம் கேட்கவில்லை? கேட்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில், தான் கார் பழகட்டா என்று ஒரு தரம் கேட்டாள். "நான் இருக்கிறன்தானே, உமக்கு ஏன்?" என்று சொல்லிவிட்டு ரொட்டி தட்டப் போய்விட்டேன். அன்பாகச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன். மகள் லெஸ்டருக்குப் போய் ஆறு வருடங்களில் நான் மனைவியை அங்கே கூட்டிப்போனது நான்கு தடவை.

அந்த வாடிக்கையாளரிடம் நம்பரை வாங்க எனக்கு இன்னும் இரண்டு கிழமை பிடித்தது. அழைத்தபோது அவன் வேறெதுவும் கேட்கவில்லை. "திங்கட்கிழமை எனக்கு லீவு. நானே வாறன் அண்ணை," என்றான்.

திங்கட்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டேன். தேநீர் போட்டேன். முதல் முறையாக அவனுக்கு எதிரே இருந்தேன்.

"அவ ஏன் அப்பிடிச் சிரிச்சவா?" என்று கேட்டேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "கேள்விகளுக்கு அக்கா சொல்லுற மறுமொழியளுக்குத்தான் அண்ணை. றோட்டிலை உங்களுக்கு முன்னாலை ஒரு குதிரை போனா என்ன செய்வீங்கள் எண்டு ஒரு கேள்வி. தான் காரை நிப்பாட்டிப்போட்டு அது வீட்டுக்குப் போய்ச் சேருமட்டும் இருப்பன் எண்டவா. எல்லாத்துக்கும் அவவின்ரை மறுமொழி நிப்பாட்டுறதுதான். அப்பிடியெண்டா லெஸ்டருக்கு அடுத்த வருசம்தான் போய்ச் சேருவீங்கள் எண்டு சொல்லுவன். அதுக்குத்தான் சிரிப்பா."

எனக்கும் விளங்கியிருக்கும். ஒரு குதிரைக் கதைதானே.

"ஒருக்காலெண்டாலும் காரை ஓட்டிப் பாத்தவாவோ?"

அவன் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான். "ஒரு திங்கட்கிழமை. நீங்கள் சாமான் எடுக்கப் போயிருந்தீங்கள். எனக்குத் தெரிஞ்ச ஆளின்ரை ஸ்டோர் ஒண்டு, பின்னாலை வெறும் வளவு, கேற் போட்டது. என்ரை மனிசியும் பின் சீட்டிலை இருந்தவ. அக்கா நாலு சுத்துச் சுத்தினவா."

"எப்பிடி ஓட்டினவா?"

"மெதுவாத்தான். முதல் சுத்திலை மூச்சே விடேல்லை. நாலாவதிலை பாட்டொண்டு முணுமுணுத்தவா."

நாலு சுற்று. நான் எங்கேயோ அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்திருப்பேன். அவளுக்குப் பக்கத்து சீட்டில் இவன் இருந்திருக்கிறான். பின் சீட்டில் இருந்த, நான் ஒருநாளும் கண்டிராத அந்தப் பெண்ணின் மேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது. அவளும் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாள்.

கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததையும் கேட்டேன். "என்னைப் பற்றி ஏதும் சொல்லுறவாவோ?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கனக்க இல்லை அண்ணை. குறை சொன்னதும் இல்லை. நாங்கள் பெரும்பாலும் காரைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்."

பிறகு நான் அவனிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் அவனைக் கேட்டதையும், எனக்குத் தெரிந்திருந்தும் தெரியாது என்றதையும். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வெகுநேரம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்திருப்பன் அண்ணை," என்றான். "ஹரோவிலை இருந்து ஒரு மணித்தியாலம்தான்."

அவ்வளவுதான் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அவன் எழுந்து என் பக்கத்துக்கு வரவில்லை. தோளில் கை வைக்கவுமில்லை. நான் முடிக்கும்வரை அப்படியே இருந்தான். பிறகு தன் மனைவியை வேலையிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது மாதத்தில் ஒரு தரம் வருகிறான். ஏன் வருகிறான் என்று நான் கேட்பதில்லை. நாங்கள் நண்பர்கள் என்று சொல்ல முடியாது. அவனை எனக்கு இன்னமும் அவ்வளவாகப் பிடிக்காது, அது அவனுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அவளுடைய ஒரு வருடம் அவனிடம் இருக்கிறது. கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறான். போன தடவை, முணுமுணுத்தது என்ன பாட்டு என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றான். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.