கிளட்சை விடத் தெரியாத லவோன்

பக்கவாதம் வந்து வலது பக்கம் பூரா விழுந்ததுக்கப்புறம் டெல்மரு வாயில மிஞ்சுனது ஒரே ஒரு சொல்லுதான். எழவு. பசிச்சாலும் எழவு, மூத்திரம் வந்தாலும் எழவு. பாஸ்டர் வீட்டுக்கு வந்து தலையில கை வச்சு ஜெபம் பண்ணி முடிச்சாரு, ஆமென் சொல்ற எடத்துலயும் எழவுன்னான். பாஸ்டர் மொகம் போன போக்கப் பாத்து லவோன் அடுப்படிக்குள்ள ஓடிப் போயி துண்டக் கடிச்சுக்கிட்டு சிரிச்சா. நாப்பத்தோரு வருஷம் அவனோட குடும்பம் நடத்துனவ. அவன் நல்லா இருந்தப்பவே பேசுன பேச்சுல பாதி அந்தச் சொல்லுதான், பெருசா ஒண்ணும் நஷ்டமில்லன்னு பாக்க வந்தவங்ககிட்ட சொல்லுவா.

அமெரிக்காவுல நெப்ராஸ்கா பக்கம் வீலர் கிராசிங்ல இருந்து ஆறு மைல் தள்ளி, சோளக்காட்டுக்கு நடுவுல அவங்க வீடு. வீட்டுக்குப் பக்கத்துல தகரக் கொட்டாயி. அதுக்குள்ள அவன் காரு. எழுபதாம் வருஷத்துக் காரு, கருநீலம், எட்டு சிலிண்டரு, கையால போடுற நாலு கியரு, அந்த ஊரு வழக்கப்படி ஸ்டீரிங் எடது பக்கம், முன்னால ஒரே நீள சீட்டு. கல்யாணத்துக்கு முந்துன வருஷம் வாங்குனது. பொண்டாட்டியத் தொட்டத விட அந்தக் காரத் தொடச்சதுதான் அதிகம். அவ ஒரு தடவ ஓட்டிப் பாக்கறேன்னு கேட்டப்ப, "நீ போயி பஸ்ஸ ஓட்டு"ன்னுட்டான். அவ பள்ளிக்கூட பஸ் ஓட்டுனா, இருபத்தொம்போது வருஷம். அதுக்கப்புறம் அவ கேக்கல. அவளுக்கும் ரோஷம் உண்டு.

அந்தக் காருக்கு வருஷத்துல ஒரு நாளு உண்டு. காட்டுல கடேசி சோளத்த அறுத்து லாரியில ஏத்தி அனுப்பிட்டு, டெல்மரு கை காலு கழுவாம அழுக்குச் சட்டையோட போயி கார எடுப்பான். வீட்டு முன்னாடி ரோட்டுல நிறுத்தி, ரேஸ் குடுத்து, கிளட்ச விடுவான். பின் டயர் ரெண்டும் நின்ன எடத்துல சுத்தி, பொகையாக் கெளம்பி, ரோட்டுல ரெண்டு கறுப்புக் கோடு விழும். அந்தப் பக்கம் போற வர்றவன் எல்லாம் கோட்டப் பாத்துட்டு, "டெல்மரு அறுப்பு முடிச்சுட்டான்"ம்பான். நாப்பது வருஷத்துல ஒரு வருஷம் தவறல. ஆலங்கட்டி மழையில காடே படுத்துப் போன வருஷமும் போட்டான். அந்த வருஷம் கோடு ரெண்டு மடங்கு நீளம்.

இந்த வருஷம் அறுப்ப பக்கத்துக் காட்டுக்காரன்தான் அறுத்துக் குடுத்தான். டெல்மரு சன்னல்கிட்ட வீல்சேர்ல உக்காந்து பாத்தான். கடேசி லாரி போனதும் நல்லா இருக்குற எடது கையத் தூக்கி கொட்டாயக் காமிச்சு, "எழவு"ன்னான். அப்புறம் ரோட்டக் காமிச்சு, "எழவு." சாயங்காலம் வரைக்கும் அதையே காமிச்சான். புரியாம இருக்க அவ என்ன மடச்சியா?

இன்னொரு சனியனும் அந்த அறுப்பு சமயத்துலதான் வந்துச்சு. லவோனுக்கு அறுபத்தஞ்சு வயசு. அவன் எடை நூறு கிலோ. ஒரே வாரத்துல ரெண்டு தடவ அவன குளியலறையில கீழ போட்டுட்டா. ரெண்டு தடவயும் ஊரு தீயணைப்புக்காரங்க வந்துதான் தூக்குனாங்க. துணியில்லாத அம்மணக் கட்டையா கெடக்குறான், பள்ளிக்கூடத்துக்கு இவ பஸ்ஸுல போன பசங்க தூக்குறானுங்க. மக ஜோலின் ஒமாஹாவுல இருந்து போன் பண்ணா. "அம்மா, உன்னால முடியலம்மா. முதியோர் இல்லத்துல எடம் சொல்லிட்டேன். இன்னும் பத்து நாள்ல, திங்கக்கெழம காலைல வேன் வரும்."

"உங்கப்பன் என்ன மாடா, வேன்ல ஏத்தி அனுப்ப?"ன்னு கத்திட்டு போன வச்சுட்டா. வச்சுட்டு சுவத்துல சாஞ்சு நின்னா. மக சொன்னதுல தப்பில்லன்னு அவளுக்கே தெரியும். அதான் கத்துனா.

திங்கக்கெழமைக்குள்ள அவன் கண்ணு முன்னாடி ரெண்டு கோடு போட்டுறணும். அவ கையில இருந்தது அது ஒண்ணுதான்.

வெண்டல வரச் சொன்னா. வெண்டலு டயர் கட வச்சிருக்கவன், டெல்மருக்கு சின்னதுல இருந்து கூட்டாளி, பாதி நாள் எதிரி. தேஞ்சு போன மொட்ட டயரு ரெண்டு கொண்டாந்து பின்னால மாட்டுனான். மொட்ட டயருதான் நல்லா சுத்தும், வீணாப் போனாலும் போவுது.

"நானே போட்டுட்டுப் போறேன் லவோன். ரெண்டு நிமிஷ வேல"ன்னான்.

டெல்மரு வாசப்படியில வீல்சேர்ல இருந்து, "எழவு!"ன்னு ஒரு கத்து. காக்கா பறந்து போச்சு. முன்ன ஒரு தடவ வெண்டலு கேக்காம அந்தக் காருல ஏறி உக்காந்தான்னு ரெண்டு வருஷம் அவன்கிட்டப் பேசாதவன் டெல்மரு.

"சரிடா சரிடா, உன் ராசாத்தி மேல கை வைக்கல"ன்னு வெண்டலு கையத் தூக்கிட்டான். "நீ ஏறு லவோன். ஒண்ணுமில்ல. கிளட்ச அமுக்கு. ஃபர்ஸ்ட் கியரு. ரேஸ நல்லா ஏத்து, எஞ்சின் அலறணும். அலறுனதும் கிளட்சுல இருந்து கால மெதுவா மேல எடுக்காத. பக்கவாட்டுல வழுக்கி விடு. வாழப்பழத் தோல மிதிச்ச மாதிரி. டப்புன்னு போயிரணும்."

கேக்க லேசாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தக் காலு என்ன காலு? இருபத்தொம்போது வருஷம் கியர் போடுற பழைய பஸ்ஸுல புள்ளைங்கள ஏத்தி எறக்குன காலு. அவ கிளட்ச விட்டா பின் சீட்டுல தூங்குற புள்ள முழிக்காது, கையில வச்சிருக்க பால் சிந்தாது. அதுக்குன்னு பள்ளிக்கூடத்துல பேரு பொறிச்ச கேடயம் ஒண்ணு குடுத்தாங்க, சுவத்துல மாட்டியிருக்கு. அந்தக் காலுக்கு விடுறதுன்னா ஒரே ஒரு விதம்தான் தெரியும். எஞ்சின் அலறுது, வீட்டுக் கண்ணாடியெல்லாம் ஆடுது, அவ மனசுக்குள்ள இப்ப விடு இப்ப விடுன்னு சொல்லுறா. காலு அது பாட்டுக்கு மெல்ல, தொட்டில்ல புள்ளையப் போடுற மாதிரி மேல வருது. காரு அலுங்காம குலுங்காம போயி அஞ்சு மீட்டர் தள்ளி நிக்குது.

வெண்டலு வயித்தப் புடிச்சுக்கிட்டான். "எந்த ஸ்டாப்புல எறங்கணும் அம்மணி?"

"உன் ஆத்தா சமாதியில எறங்கு."

ஒரு வாரம் தெனமும் ரெண்டு மணி நேரம் பண்ணா. டயரு சுத்துனதில்ல. கிளட்ச் பிளேட்டுதான் வெந்துச்சு. கருகுன நாத்தம் துணி காயப் போடுற எடம் வரைக்கும் வந்துச்சு. காலத் திட்டுனா. கால அறைஞ்சா. செருப்ப மாத்திப் பாத்தா, வெறுங்காலோட பாத்தா, காலுறைய ஈரமாக்கிப் போட்டுப் பாத்தா. எதுக்கும் அது மசியல. வெள்ளிக்கெழம வெண்டலு சிரிக்கல. காருக்கு அடியில படுத்துப் பாத்துட்டு எந்திரிச்சு, கையத் தொடச்சான்.

"லவோன், பிளேட்டு முடிஞ்சுது. இன்னும் ஒரு தடவ தாங்கும். ஒண்ணரன்னு கூட சொல்ல மாட்டேன்."

"புது பிளேட்டு?"

"இந்தப் பழங்காருக்கா? சொல்லி வச்சாலும் வர ரெண்டு வாரம்."

சனிக்கெழம அவ கோடு கீடெல்லாம் நெனைக்காம டெல்மருக்கு மூட்ட கட்டுனா. சட்டை ஆறு, பேண்ட் நாலு, மொகம் மழிக்கிற மெசினு, கட்டுற டயப்பரு ஒரு பொட்டி, கால் பட்ட. கால் பட்டன்னா ஒட்டு வச்ச துணிப் பட்ட. வீல்சேர்ல கால் வைக்கிற பலகையில அவன் எடது காலு நிக்கவே நிக்காது. வலது காலு செத்தது, வச்ச எடத்துல கெடக்கும். எடதுதான் நல்ல காலு, அதுதான் பாடாப் படுத்தும். டப்புன்னு பக்கவாட்டுல வழுக்கி வெளிய விழும். ஒரு தடவ சக்கரத்துல மாட்டி நகம் பேந்துருச்சு. "சும்மா இருக்க மாட்டியா யோவ்?"னு திட்டி எடுத்து வைப்பா, திரும்ப விழும். ஏழு மாசமா பட்டையப் போட்டு இறுக்கிக் கட்டித்தான் வச்சிருந்தா.

ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு வந்து, வெண்டலும் அவளும் சேந்து டெல்மர காருல பக்கத்து சீட்டுல ஏத்துனாங்க. நாப்பது வருஷமா அவ உக்காந்து வந்த சீட்டு. தல மேல துணி கட்டிக்கிட்டு, சண்ட போட்டுக்கிட்டு, புள்ளத்தாச்சி வயித்தோட. இப்ப அவன் அங்க, அவ ஸ்டீரிங்ல. ரோடு நேரா நாலு மைலு. ரெண்டு பக்கமும் அறுத்த தட்ட. ஈ காக்கா இல்ல.

"பாத்துக்கடா, உம்பொண்டாட்டி பஸ் எடுக்கப் போறா"ன்னு வெண்டலு ஓரமாப் போயி நின்னான்.

கிளட்ச அமுக்குனா. ஃபர்ஸ்ட்டு. ரேஸ ஏத்துனா. எஞ்சினு ஏறி ஏறி, சீட்டு நடுங்குது, பல்லு நடுங்குது. ஆண்டவரே இந்த ஒரு வாட்டி இந்தக் கால என் பேச்சக் கேக்க வையின்னு வேண்டிக்கிட்டா.

காலு மெல்ல மேல வந்துச்சு.

காரு ஒரு உதறு உதறுச்சு. கீழ இருந்து பொகை, டயர் பொகை இல்ல, பிளேட்டுப் பொகை. அதே நேரத்துல காருக்குள்ள டொக்குன்னு ஒரு சத்தம். அவ பயந்து போயி திரும்ப கிளட்ச அமுக்கி, ரேஸ விட்டுட்டா. "ஒடஞ்சு போச்சு!"

"எழவு"ன்னான் டெல்மரு.

"ஆமாய்யா, எழவுதான். நாந்தான் எழவு." அழுக வந்துச்சு, மூக்கத் தொடச்சுக்கிட்டா. சும்மா, ஒடஞ்சது எதுன்னு பாக்கலாம்னு திரும்ப ரேஸ ஏத்துனா. எஞ்சினு அலறி உச்சிக்குப் போகவும் மறுபடி டொக்கு. குனிஞ்சு பாத்தா. காருக்கு நட்ட நடுவுல, தரையில மேடா இருக்குற தகரத்துல அவன் காலு இடிச்சுருக்கு. எடது காலு. ரேஸக் கொறச்சா, சும்மா இருக்கு. ஏத்துனா, சத்தம் சரியான எடத்துக்கு வந்ததும் டப்புன்னு பக்கவாட்டுல வழுக்கி, டொக்கு.

ஏழு மாசமா அவ பட்டையால கட்டி வச்ச அதே காலு. அதே வழுக்கு.

அவ எஞ்சின நிறுத்தி, கதவத் தொறந்து கத்துனா. "வெண்டலு! வீல்சேரக் கொண்டா. இவன இந்தப் பக்கம் மாத்து."

"எந்தப் பக்கம்?"

"ஸ்டீரிங் பக்கம்டா."

"உனக்குப் பைத்தியமா? ஒரு கையி ஒரு காலு இருக்கவன!"

"கிளட்சுக்கு எத்தன காலு வேணும்?"

வெண்டலு போயி வீல்சேரத் தள்ளிக்கிட்டு வந்தான். பிளேட்டு ஆறட்டும்னு இருவது நிமிஷம் நின்னாங்க, ஃப்ளாஸ்க்குல இருந்த காப்பிய மூணு பேரும் குடிச்சாங்க. டெல்மருக்கு பாதி காப்பி தாடை வழியா ஓடுச்சு, அவன் தொடைக்க விடல. கண்ணு ஸ்டீரிங்லயே இருந்துச்சு.

அவன ஸ்டீரிங் முன்னாடி உக்கார வச்சாங்க. செத்த வலது கால அவ தூக்கி தன் மடியில போட்டுக்கிட்டா. அந்தக் கனத்துக்கு அடியில தன் எடது கால நீட்டி ஆக்சிலேட்டர்ல வச்சா. கியரு அவ கையில. ஸ்டீரிங் அவன் எடது கையில. கல்யாணமான புதுசுல கூட அவ்வளவு ஒட்டி உக்காந்ததில்ல. அவன்கிட்ட மூத்திர நாத்தமும் சவரக் களிம்பு வாசமும் அடிச்சுச்சு. அவன் காலு கிளட்ச ஒரே அமுக்கா அமுக்குச்சு. அவ கியரப் போட்டு, மிதிச்சா.

எப்ப விட்டான்னு அவளுக்குத் தெரியாது. எஞ்சினு சத்தம் திடீர்னு மாறுச்சு, பின்னால ஒரு அலறல், கண்ணாடிக்கு வெளிய வெள்ளையா பொகை, வெண்டலும் இல்ல, காடும் இல்ல. காரு வாலு ஆட்டிக்கிட்டே முன்னால ஊந்துச்சு. அவன் ஒத்தக் கையால புடிச்சு நேராக்குனான். ரப்பரு கருகுற நாத்தம் தொண்டையில எறங்குச்சு. அவ திரும்பி அவன் மொகத்தப் பாத்தா. பாதி மொகம் சிரிச்சுது. மீதிப் பாதி எப்பவும் போல தொங்கிக்கிட்டுதான் இருந்துச்சு. அவ பாத்தது சிரிச்ச பாதியத்தான்.

பிளேட்டு அதோட போச்சு. எஞ்சினு ஓடுது, காரு நவுரல. வெண்டலு லாரியக் கொண்டாந்து கட்டி இழுத்துக் கொட்டாயில விட்டான். போறப்ப ரோட்டுல நின்னு கோட்டக் காலால அளந்தான். "பதினேழு அடி. ஒரு கோடு கோணல்."

"எழவு"ன்னான் டெல்மரு.

கிளட்ச விடுற வித்த அவளுக்குக் கடேசி வரைக்கும் வரல. விட்டது அவன் காலு, அவ வெறும் ரேஸு. திங்கக்கெழம வேன் சரியா பத்து மணிக்கு வந்துச்சு. கோட்டு மேலயே ஏறிப் போச்சு. அவன் சன்னல் பக்கம் தலைய ஒட்டி வச்சுப் பாத்துக்கிட்டே போனான்.

புதன்கெழம தன்னோட வண்டியில முப்பது மைலு ஓட்டிக்கிட்டு இல்லத்துக்குப் போனா. அவன சன்னலோரம் உக்கார வச்சிருந்தாங்க. வெளிய கார் நிறுத்துற எடம். எடது காலப் பலகையோட சேத்து பட்டை போட்டு இறுக்கியிருந்தாங்க.

"இது எதுக்கு?"ன்னா நர்சுப் பொண்ணுகிட்ட.

"கால் கீழ விழுந்து சக்கரத்துல மாட்டிக்குதும்மா."

"அது விழுகல. அவன் விடுறான்."

"சரிங்கம்மா"ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சா. கெழடுங்க சொல்றதுக்கெல்லாம் சிரிக்கிற சிரிப்பு. லவோன் குனிஞ்சு பட்டையப் பிரிச்சு விட்டா. வெளிய எவனோ கார எடுத்தான். டெல்மரு காலு டப்புன்னு வழுக்கி வெளிய போச்சு. சாப்பாடு வந்துச்சு, உருளக்கெழங்கு மசியல ஊட்டுனா, பாதி தின்னான்.

நாலு மணிக்குக் கெளம்பி, வராண்டாவுல கொஞ்ச தூரம் போயி திரும்பிப் பாத்தா. அந்தப் பொண்ணு அவன் முன்னாடி மண்டி போட்டு, கால எடுத்துப் பலகையில வச்சு, பட்டையச் சுத்தி இறுக்கிக்கிட்டு இருந்தா. மோசமான பொண்ணு இல்ல, பதமாத்தான் கட்டுனா. அந்தப் பட்ட இல்லத்துப் பட்ட இல்ல. சனிக்கெழம அவளே மடிச்சு, டயப்பர் பொட்டிக்கு மேல வச்சு, மறந்துறக் கூடாதுன்னு ரெண்டு தடவ பாத்து அனுப்புனது.