கூரையைத் தொடாத சுவர்

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் வீடுகள் எட்டு, கூரை ஒன்று. நடுச்சுவர்கள் கூரை வரை எழுவதில்லை. பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்காமல், என் பக்கச் சுவரை உயர்த்திக் கட்ட மேசனிடம் சொல்லியிருந்தேன்.

மனைவி போனபின் நான் தனி ஆள். ஒரு மாலை மூடுபனி எதிர்மலையை மறைத்துவிட்டது. நான் செத்தால் யாருக்குத் தெரியும் என்று கவலைப்பட்டேன். பிறகு, தத்துவம் படித்த பழக்கத்தில், என்னைத் தவிர யாராவது உண்மையில் இருக்கிறார்களா, எல்லாமே என் மனத்தின் தோற்றம்தானா என்று வாய்விட்டு வாதாடினேன்.

சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் வந்தது.

"அப்ப நான் யாருக்கு மாமா ரொட்டி சுடுறேன்?"

"நீயும் என் கற்பனையா இருக்கலாம்மா."

"இருக்கட்டும். கற்பனைக்குக் கை சுடுது, கதவத் தொறங்க."

அவள் நீட்டிய தட்டில் மூன்று ரொட்டிகளும், தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பலும் இருந்தன. இரண்டுக்கு மேல் நான் சாப்பிடுவதில்லை. என் மனம் செய்திருந்தால் இரண்டுதான் இருந்திருக்கும். சம்பலின் காரத்தையும் நான் கற்பனை செய்திருக்க மாட்டேன்.

"ராத்திரி உங்க இருமல் கேக்கலன்னா எனக்குத் தூக்கம் வராது மாமா," என்றாள் போகும்போது.

மூன்றாவது ரொட்டியையும் சாப்பிட்டேன். மறுநாள் மேசனிடம், சுவர் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.