ஊர்ப் பெயர்களை மூன்றாம் தரமும் வாசித்தல்

சீனி வருத்தம், நீரிழிவு, என் சிறுநீரகங்களைத் தின்று முடித்தபிறகு, திங்கள், புதன், வெள்ளி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவதுதான் என் வேலையாகிப்போனது. அதற்கு முதல் கோப்பன்ஹேகனில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தேன். டயாலிசிஸ் அறையில் எனக்குக் கிடைத்தது சுவரோரக் கதிரை. பக்கத்தில், ஜன்னலோரக் கதிரையில், அவர் முன்பே இருந்தார்.

எழுபது வயதிருக்கும். வீடுகளுக்குச் சூடுதண்ணி வரும் குழாய்களைத் திருத்துகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. முதல் நாள், தாதி எனக்கு ஊசி ஏற்றும்போது நான் முகத்தைத் திருப்பினேன். திருப்பிய பக்கம் அவர் இருந்தார். ஒரு கையில் இரண்டு ஊசிகளும் குழாய்களும். மற்றக் கையால் மடித்தட்டில் இருந்த தடித்த புத்தகம் ஒன்றைப் பிடித்தபடி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரே வரியைத் திரும்பவும் சொல்வது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு டேனிஷில் ஏதோ. பிறகு அடுத்த வரி.

செபம் என்று நினைத்தேன். நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். செபமாலை சொல்கிறவர்களின் உதடு எனக்குப் பழக்கம். ஆனால் இவர் இடையிடையே நின்று, தலையை ஆட்டி, எரிச்சலோடு மூச்சு விட்டார். செபிக்கிறவர் அப்படிச் செய்யமாட்டார்.

கதைக்கத் தொடங்க இரண்டு மூன்று கிழமைகள் ஆனது. டேனிஷில் எல்லாருக்கும் எல்லாரும் ‘நீ’தான். ஆனால் அவர் சொன்னதைத் தமிழில் எழுதும்போது என் கை ‘நீங்கள்’ என்றுதான் போகிறது.

“கடவுளிட்டக் கேக்கிறீங்களோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை,” என்றார். “இது என்ர மகன்ர வேலை. நான் செய்யிறன்.”

அவர் யூதர். ஆனால் வீட்டில் ஒன்றும் கடைப்பிடிக்கவில்லையாம். பன்றி இறைச்சியும் சாப்பிட்டார், சனிக்கிழமையும் கார் ஓட்டினார். மகன் மட்டும் முப்பது வயதுக்குக் கிட்ட திடீரென்று பக்தியாகிவிட்டான். ஒவ்வொரு கிழமைக்கும் எபிரேய வேதத்தில் ஒரு பகுதி இருக்கிறது. சபையில் வாசிப்பதைக் கேட்டால் மட்டும் போதாது, அவரவர் தானாகவும் வாசித்து முடிக்கவேண்டும். மூலத்தை இரண்டு தரம், மொழிபெயர்ப்பை ஒரு தரம். மகன் அதை விடாமல் செய்துவந்தான். ஒருநாள் பச்சை விளக்கில் சைக்கிளில் நேரே போனவனை, வலப்பக்கம் திரும்பிய லொறி ஒன்று அடித்துக் கொன்றது. பொலிஸ் கொண்டுவந்து கொடுத்த பையில் இந்தப் புத்தகம் இருந்தது. வாசித்த இடத்துக்கு அடையாளம் வைக்கிற நாடா ஒரு பக்கத்தில் கிடந்தது.

“அந்தக் கிழமைப் பகுதியில பாதி மிச்சம் இருந்தது. அதை முடிச்சுவிடுவம் எண்டு தொடங்கினன்,” என்றார். “சின்னனில படிச்ச எழுத்து. ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமோ?”

முடித்தார். அடுத்த கிழமைக்கு அடுத்த பகுதி வந்தது. அதையும் வாசித்தார். ஒரு வருடத்தில் சுற்றி அதே இடத்துக்கு வந்தபோது நிறுத்தலாம் என்று இருந்தவர், நிறுத்தவில்லை.

“எப்ப முடியும்?”

“முடியாது. கடைசி வரி வாசிக்கிற நாளிலயே முதல் வரியையும் தொடங்கவேணும்.”

மகன் வாசித்த மொழிபெயர்ப்பு டேனிஷ் அல்ல. பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த அரமேயம். சனங்கள் எபிரேயத்தை மறந்து அரமேயம் பேசிய காலத்தில், அவர்களுக்கு விளங்கட்டும் என்று செய்தது. இப்போது அந்த மொழியும் அனேகமாக ஒருவருக்கும் விளங்காது. ஆனாலும் விடாமல் வாசிக்கிறார்கள். இவருக்கு அது முடியவில்லை. தனக்கு விளங்குகிற மொழியில் வாசிக்கலாம் என்று மகனுடைய கூட்டாளி ஒருவன் சொன்னதால் ஒரு டேனிஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டார்.

வசந்தத்தில் அவருடைய கண்ணுக்குள் இரத்தம் கசிந்தது. எபிரேய எழுத்து பெரிதாக இருந்தபடியால் பூதக்கண்ணாடி வைத்துச் சமாளித்தார். டேனிஷ் எழுத்து தெரியவில்லை. தாதிமாருக்கு நேரமில்லை. அவர் கேட்காமலே நான் டேனிஷ் புத்தகத்துக்குக் கையை நீட்டினேன்.

“என்ர டேனிஷ் உங்களுக்கு விளங்குமோ?”

“பாப்பம்.”

அதிலிருந்து அவர் இரண்டு தரம் வாசிப்பார், நான் ஒரு தரம். தொண்டைக்குள் விழுங்குகிற அந்த டேனிஷ் சத்தங்கள் எனக்கு இன்றைக்கும் வராது. என் மகள் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அவர் சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. கதைகளில் பாதி எனக்குத் தெரிந்தவை, ஞாயிறு பூசையில் தமிழில் கேட்டவை. மெஷினில் இரத்தம் சுற்றச் சுற்ற உடம்பு குளிர்ந்துவிடும். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு வாசிப்பேன்.

ஜூலையில் பாதித் தாதிமார் லீவில் போன நேரம், அவருடைய வலது காலின் பெருவிரல் கறுத்தது. பிறகு பாதம். டொக்டர் வந்து திரையை இழுத்துவிட்டுக் கதைத்தார். துணித்திரைதானே, எல்லாம் கேட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் நஞ்சு ஏறும்.

டொக்டர் போனபிறகு அவர் சொன்னார்: “நான் இதோட நிப்பாட்டப் போறன்.”

“கால் எடுக்கிறதையோ?”

“மெஷினை.”

மெஷினை நிறுத்தினால் ஒன்றிரண்டு கிழமை. அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். எனக்குக் கோபம் வந்தது. “கால்தானே, வெட்டினா வெட்டட்டும்,” என்றேன்.

“ஒண்டு குடுத்தாச்சு,” என்றார். சத்தம் உயர்த்தவில்லை. “மற்றதையும் குடுத்து, இந்தக் கதிரையில வந்து இருக்கவோ? குடுத்தது காணும்.”

அவர் புத்தகத்தைத் திறந்தார்.

அந்தக் கிழமைப் பகுதியில், ஆடுமாடு அதிகம் வைத்திருந்த இரண்டு கோத்திரத்தார் வந்து, ஆற்றுக்கு இக்கரையிலேயே தங்களுக்கு நிலம் வேண்டும் என்று கேட்கிறார்கள். எந்த நிலம் என்று ஊர்களைச் சொல்கிறார்கள். அந்த வசனம் முழுக்க ஊர்ப் பெயர்கள்தான். அவர் இரண்டு தரம் வாசித்தார். நான் டேனிஷைப் பார்த்தேன். அதே பெயர்கள்.

“இதில மொழிபெயர்க்க ஒண்டுமில்லை. பெயர்தான் கிடக்கு.”

“எண்டாலும் வாசிக்கவேணும். இந்த வசனத்தைக்கூட மூண்டு தரம் எண்டு எங்கட பெரியாக்கள் எடுத்துச் சொல்லியிருக்கினம். இதைத்தான் சொல்லியிருக்கினம்.”

“அந்த ஊருகளில இப்ப சனம் இருக்கோ?”

“சிலது எங்க இருந்தது எண்டே தெரியாதாம்.”

வாசிக்கத் தொடங்கினேன். நாலாவதோ ஐந்தாவதோ பெயரில் நிறுத்திவிட்டேன். தண்ணி குடியுங்கோ என்றார். எங்களுக்கு அளந்துதான் தண்ணி. வேண்டாம் என்றேன். பிறகு, ஒருவருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன்.

வன்னியில் கடைசிப் போர் நடந்தபோது என் தங்கச்சி அங்கே இருந்தாள். ஷெல்லுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தார்கள். எப்போதாவது, யாரோ வைத்திருந்த சட்டலைட் போனில் எடுப்பாள். வரிசையில் சனம் நிற்கும், கனக்கக் கதைக்க ஏலாது. “அக்கா, இப்ப வெள்ளாங்குளம்.” “அக்கா, கிளிநொச்சி.” “தர்மபுரம்.” “விசுவமடு.” “சுதந்திரபுரம்.” அவ்வளவுதான் சொல்வாள். போனை வைத்ததும் சின்னவளாயிருந்த என் மகள் டேனிஷில் கேட்பாள், சித்தி என்ன சொன்னா என்று. ஊரின் பெயரைச் சொல்வேன். அதை டேனிஷில் எப்படிச் சொல்வது? வேலையிடத்தில் கேட்டாலும் அதே பெயர்தான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கடைசி ஊருக்குப் பிறகு?”

“பிறகு போன் வரேல்லை.”

“ஆளைக் கண்டவை ஆராவது?”

“இல்லை. உடம்பும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிச்சினம். நான் எடுக்கேல்லை.”

கவலைப்படாதேங்கோ என்றோ காலம் ஆற்றும் என்றோ அவர் சொல்லவில்லை. கடைசி ஊரின் பெயரைத் தன் வாயால் சொல்லிப் பார்த்தார். பிழையாகத்தான் வந்தது. நான் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்சம் சரியாக வந்தது. பிறகு, “எங்கட வசனத்தை முடியுங்கோ,” என்றார். முடித்தேன்.

அடுத்த திங்கள் அவர் வரவில்லை. வியாழக்கிழமை மகள் என்னைக் காரில் அவர் இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சாகிறவர்களைப் பார்க்கிற இல்லம், பின்னால் தோட்டம், எல்லாம் துப்புரவு. அவருடைய முகம் ஊதி, தோல் மஞ்சள் பத்தியிருந்தது. என்னைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இந்தக் கிழமைப் பகுதியை வாசித்தீர்களோ என்று கேட்டேன். ஒரு தரம்கூட முடியவில்லை என்றார். மேசையில் இருந்த டேனிஷ் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். என்னிடம் இருந்தது மொழிபெயர்ப்பு மட்டும்தான். மூலத்தை வாசிக்க அங்கே ஆளில்லை. நான் ஒரு பக்கம் முடிக்கமுதல் அவர் நித்திரையாகிவிட்டார். வாசலில் சாய்ந்து நின்ற மகள், “அம்மா, அவர் கேக்கேல்லை,” என்று டேனிஷில் சொன்னாள். “ஓம், தெரியும்,” என்றேன். அந்தப் பக்கம் முடியும்வரை வாசித்தேன்.

திங்கட்கிழமை தாதி ஊசி ஏற்றிக்கொண்டே சொன்னாள், ஞாயிறு விடியப்புறம் போய்விட்டார் என்று. யூதர்களில் அடக்கத்தைக் கனநாள் தள்ளிவைப்பதில்லை. புதன் காலை என்று வைத்திருந்தார்கள். என் புதன் முறையை வேறொரு நாளுக்கு மாற்றித் தரமுடியுமோ என்று கேட்டேன். லீவு காலம், ஆளில்லை, கதிரையும் இல்லை என்றாள். அவள்மேல் பிழையில்லை.

புதன் காலை நான் மெஷினில் இருந்தேன். ஜன்னலோரக் கதிரையில் ஒரு இளம் பெண்ணை இருத்தியிருந்தார்கள். அவளுக்கு அது முதல் நாள். தாதி ஊசியை எடுத்தபோது அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். எனக்கு அவளோடு கதைக்கப் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.